இரண்டு நிமிடமும் ஒரு தெருவிளக்கும்

முட்டை அவிக்கும்போது நேரம் பார்க்க வைக்கிற சின்ன மணி ஒன்று, தக்காளிப்பழ வடிவில், கிணுகிணுவென்று அடித்தது. அந்த நேரம் மண்டபத்தில் இருந்த அறுபது எழுபது பேரும் எழுந்து, தலை குனிந்து, மௌனமாக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் பத்துப் பன்னிரண்டு பேரைத் தவிர எல்லோரும் பிரெஞ்சுக்காரர். ஏன் நிற்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மற்றவர்கள் நிற்கும்போது தாங்கள் கதிரையில் இருந்தால் மரியாதையில்லை என்று நின்றார்கள். முன்வரிசையில் ஒரு வயதான பிரெஞ்சு மதாமின் மடியிலிருந்து இறங்கிய நாய்க்குட்டியும் நின்றது.

மேசையில் இருந்த துணை மேயர் அம்மா தக்காளியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி மணியை நிறுத்தினார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: உங்கள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது, நன்றி, அடுத்தவர் பேசலாம்.

எங்கள் தலைவர் பொன்னுத்துரை அண்ணையின் கையில் எட்டுப் பக்கப் பேச்சு இருந்தது. அவர் முதற்பக்கத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நாங்கள் எதற்காக வந்தோமோ அந்தச் சொல், ‘தெருவிளக்கு’, மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. எழுதிக்கொடுத்தவன் நான், அதனால் தெரியும்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். இலங்கையில் யுத்தம் முடிந்து இரண்டு மூன்று குளிர்காலங்கள் போயிருக்கும். எது என்று சரியாக ஞாபகமில்லை. பாரிஸில் எல்லாக் குளிர்காலமும் ஒரே ஈரக் கம்பளி மணம்தான்.

பாலத்துக்குக் கீழே

பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலிலிருந்து வடக்கே போனால் ரயில் தண்டவாளங்களுக்குக் கீழால் ஒரு நடைபாதை போகும். நீளம் அதிகமில்லை. ஆனால் சுவரில் எப்போதும் தண்ணீர் கசியும், மூத்திர நாற்றம் அடிக்கும். மேலே ரயில் போனால் பக்கத்தில் வருகிறவரின் காலடி கேட்காது. உள்ளே நாலு விளக்குகள். அந்த இலையுதிர்காலத்தில் முதலில் ஒன்று எரியாமல் நின்றது. பிறகு மற்ற மூன்றும் அதற்குத் துணையாக நின்றுவிட்டன.

எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் வதனி என்று ஒரு பெண் இருந்தார். இரண்டு குடும்பங்களோடு வீட்டைப் பங்குபோட்டு ஒரு சிறிய அறையில் இருப்பு. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒபர்வில்லியேயில், துணிக் களஞ்சியங்களை ஒட்டிய கந்தோர்களில், அதாவது அலுவலகங்களில், துப்புரவு வேலை. கந்தோர்க்காரர் வருமுன் நாலு மாடியும் துடைத்து முடிக்க வேண்டும் என்பதால் காலை ஐந்து மணிக்கே வெளிக்கிட்டு, அந்தப் பாதையால் நடந்துபோய் பஸ் பிடிப்பார்.

அகதி வழக்கு இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு, விசா இல்லாமல் இருந்தவர். எங்கள் பேச்சில் விசா என்றால் இந்த நாட்டில் இருப்பதற்கான அட்டை. கணவர் யுத்தத்தின் கடைசி நாட்களில் தடுப்பு முகாமுக்குள் போனவர். உயிரோடு இருக்கிறார் என்பது வரைக்கும்தான் செய்தி.

ஒருநாள் காலை யாரோ பின்னால் வந்து வதனியின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். கொடி அறும்வரை அவரையும் சேர்த்து இழுத்திருக்கிறான். முழங்கால் கிழிந்தது, கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அவர் எழுந்து, பஸ் எடுத்து, வேலைக்குப் போய், நாலு மாடியும் துடைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். அடுத்த நாள் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. அடுத்த நாளும் ஐந்து மணிக்கு அதே பாதையால் போனார். வேறு பாதையால் போனால் பஸ் தவறும், பஸ் தவறினால் வேலை தவறும்.

பதினொரு ஆண்கள்

காலை நடந்த விஷயம் மத்தியானத்துக்குள் லூயி பிளாங் தெருவுக்கு வந்துவிட்டது. தொலைபேசிக் கடையில் கள்ளன் ஒருவனாக இருந்தான். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரானான். பயண முகவர் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். பின்னேரம் தேங்காய் வாங்கப் போன என்னிடம், கத்திக்குத்து என்று சொன்னார்கள். அதே வதனி அந்த நேரம் எனக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பொன்னுத்துரை அண்ணை பலசரக்குக் கடைக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் அவருக்கு வீடு வாசல் மறந்துபோகும். ஒரு மரணவீட்டில் இரங்கலுரை ஆற்றத் தொடங்கி, பெட்டி போன பிறகும் பேசிக்கொண்டிருந்தவர் என்று ஒரு கதை உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். அவர்தான் அந்த வாரமே ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கூட்டம் வைத்தார். பதினொரு பேர் போனோம். பதினொரு பேரும் ஆண்கள், பதினொரு பேரும் விசா உள்ளவர்கள், ஒருவரும் அந்தப் பாதையால் நடப்பதில்லை.

கீழே கொத்துரொட்டி கொத்துகிற சத்தம். மேலே பெயர் வைக்கிற வாக்குவாதம். சங்கமா, ஒன்றியமா, பேரவையா? ஒன்றியம் என்றால் ஏற்கெனவே இருக்கிற ஒன்றியக்காரர் கோபிப்பார்கள். பேரவை என்றால் பெரிதாக இருக்கும், பதினொரு பேருக்குத் தாங்காது. முதற்கூட்டம் இதிலேயே போயிற்று. இரண்டாம் கூட்டத்தில் ‘தமிழர் பொதுப் பாதுகாப்பு ஒன்றியம்’ என்று தீர்மானமாகி, என்னைச் செயலாளராகப் போட்டார்கள். என் கையெழுத்து அழகாம். மூன்றாம் கூட்டத்தில்தான் யாரோ விளக்கு எரியவில்லை என்ற விஷயத்தை எடுத்தார்கள்.

வதனியைக் கூப்பிட்டுக் கேட்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தோன்றவேயில்லை என்பதுதான் உண்மை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கலியாண மண்டபங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் என்னைத் தெருவில் மறித்து, ‘உமக்கு எங்கட சனத்திலை ஒருத்தரையும் பிடிக்காதோ’ என்று கேட்டார். பிடிக்கும், ஐயா. பிடிக்காதவர்களைப் பற்றி வாராவாரம் எழுத எவனுக்குப் பொறுமை இருக்கிறது?

பாதுகாப்பு அறிவுரைகள்

ஒன்றியத்தின் முதல் வேலை ஒரு துண்டுப் பிரசுரம். பெண்கள் தனியே நடமாட வேண்டாம். வெளியே போகும்போது நகை அணிய வேண்டாம். அணிந்தால் சால்வையால் மூடவும். இருட்டான இடங்களைத் தவிர்க்கவும். இளஞ்சிவப்புக் கடதாசியில் அச்சடித்துக் கடை கடையாகக் கொடுத்தோம். கள்ளனுக்கு அதில் ஓர் அறிவுரைகூட இல்லை.

படியில் வதனியைக் கண்டு ஒன்று கொடுத்தேன். நின்று முழுவதையும் வாசித்தார். பிறகு கேட்டார்:

“தனியப் போகாதை எண்டால், காலமை அஞ்சு மணிக்கு ஆர் அண்ணை என்னோடை வருவினம்?”

குளிருது, சால்வையைப் போடுங்கோ தங்கச்சி என்று என்னவோ சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனேன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதில் தெரியும். நானும் விசா இல்லாமல் இருந்தவன். அந்தக் காலத்தில் பொலிஸ்காரன் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் மாறுவேன். ஒருமுறை மெத்ரோவில் என் பணப்பையை எடுத்தவனை நேரே கண்டேன். அவனும் என்னைக் கண்டான். சத்தம் போட்டால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் அவனிடம் கேட்பதற்கு முன் என்னிடம் அட்டை கேட்பார்கள். இது எனக்குத் தெரிந்ததுபோல அவனுக்கும் தெரிந்திருந்தது. அவசரப்படாமல் அடுத்த தரிப்பில் இறங்கிப் போனான்.

இதையெல்லாம் அனுபவித்தவன்தான் ‘இருட்டான இடங்களைத் தவிர்க்கவும்’ என்று எழுதினேன். விசா கிடைத்ததும் மனிதனுக்கு முதலில் போவது ஞாபகசக்தி.

கூட்டத்துக்குக் கூட்டமாக

எங்கள் வட்டாரத்தில் நகரசபை இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை அயலவர் கூட்டம் ஒன்று வைக்கும். அறிவித்தல் கட்டிட வாசலில் ஒட்டப்படும். தமிழர் யாரும் வாசிப்பதில்லை. அதே செய்தி வட்டாரச் செய்தித்தாளிலும் வரும். அது தபால் பெட்டியிலிருந்து நேரே குப்பைக்குப் போகும். அந்த முறை மட்டும் அல்போன்ஸ் அதைக் கவனித்தார். அவர் மன்னார்க்காரர், தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். தேவாலயத்தில் பிரசங்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்துப் பழகியவர். எங்கள் பதினொரு பேரிலும் நல்ல பிரெஞ்சு அவருடையதுதான்.

பேச விரும்புவோர் வாசலில் பெயர் பதியலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அதில் போட்டிருந்தது. இதை அல்போன்ஸ் பொன்னுத்துரை அண்ணைக்கு மூன்று தரம் எடுத்துச் சொன்னார்.

“எங்கட கூட்டத்திலையும் அஞ்சு நிமிசம் எண்டுதானே போடுறம்,” என்றார் அண்ணை.

கூட்டம் ஒரு ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டு மண்டபத்தில். குழந்தைகளின் சின்னக் கதிரைகள். பொன்னுத்துரை அண்ணை கோட்டு, கழுத்தில் ரையோடு அதில் இருந்தபோது அவருடைய முழங்கால்கள் காதுக்குக் கிட்ட வந்தன. வெறுங்கையோடு போகக் கூடாது என்று மட்டன் ரோல்ஸ் மூன்று தட்டும் வடை இரண்டு தட்டும் கொண்டுபோயிருந்தோம். மண்டபம் முழுக்கப் பொரித்த மணம்.

வதனியையும் அழைத்துப் போயிருந்தோம். பேசுவதற்கு அல்ல, அத்தாட்சிக்கு. கடைசி வரிசையில் இருக்க வேண்டும், அண்ணை பேச்சின் ஐந்தாம் பக்கத்தில் கை காட்டும்போது எழுந்து நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. பொலிஸ் அதிகாரி ஒருவரும் வருவார், விசா இல்லாத ஆள் கவனமாக இருக்க வேண்டும் என்று நான்தான் புத்தி சொன்னேன். பின்னேரத் துப்புரவு வேலையும் முடிந்த கையோடு வந்திருந்தார். விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

எங்களுக்கு முன்னால் ஒருவர் புறாக்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். ஒரு பெரியவர் நடைபாதைப் பூச்சாடிகளைப் பற்றிப் பேசினார். பூச்சாடியில் சிகரெட் கட்டைகள் முளைக்கின்றனவாம். பாரிஸின் துயரங்கள் இவைதாம் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் தெருப் பெயர், கதவிலக்கம், எத்தனை சாடி, என்ன வேண்டும் எல்லாவற்றையும் ஒன்றரை நிமிடத்தில் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

பிறகு பொன்னுத்துரை அண்ணை எழுந்தார். தக்காளியைத் திருகி வைத்தார்கள்.

“இந்தப் பெருமைமிகு அவைக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய துணை மேயர் அவர்களே,” என்று தொடங்கினார். அல்போன்ஸ் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். தேவாலயப் பழக்கம், ஒன்றையும் விடமாட்டார். காவல்துறையின் பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களே. மொழிபெயர்ப்பு. பூச்சாடிகளின் பாதுகாவலரான பெரியவர் அவர்களே. மொழிபெயர்ப்பு. தாய்மார்களே, தந்தையரே, நாளைய உலகை ஆளப்போகும் இளைய தலைமுறையே. இளைய தலைமுறை என்று அங்கே ஒருவரும் இல்லை. மொழிபெயர்ப்பு. இதற்கே ஒரு நிமிடம் போயிற்று.

அடுத்து அண்ணை சொன்னார்: எமது பேச்சைத் தொடங்குமுன், யுத்தத்தில் உயிர்நீத்த எம் உறவுகளுக்காக ஒரு நிமிடம் அகவணக்கம் செலுத்துவோம். எழுந்து நிற்கவும்.

அல்போன்ஸ் மொழிபெயர்க்க வாய் திறக்குமுன் நாங்கள் எழுந்துவிட்டோம். எங்களைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள்.

இறந்தவர்களுக்காக எழுந்து நிற்பதை நான் கேலி செய்யமாட்டேன். அந்தக் கணக்கில் என் தம்பியும் இருக்கிறான். எந்தக் கூட்டத்தில் நின்றாலும் அந்த ஒரு நிமிடம் அவன் முகம் வரும். அன்றைக்கும் வந்தது. ஆனால் இரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடம் வணக்கத்துக்கும் மற்ற நிமிடம் மௌனத்துக்கும் போனபிறகு, உயிரோடு கடைசி வரிசையில் நின்ற ஒருத்திக்கு மிஞ்சியது தக்காளி மணிதான்.

நாய்க்கார மதாமின் முறை

பொன்னுத்துரை அண்ணை தாள்களைப் பிடித்தபடி அங்குமிங்கும் பார்த்தார். பாவமாக இருந்தது. அல்போன்ஸ் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து இருத்தினார். அடுத்த பெயர் நாய்க்குட்டி வைத்திருந்த மதாம். நாய்கள் நடைபாதையை அசிங்கப்படுத்துவது பற்றிப் பேச வந்தவர். தன் நாய் அப்படியல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வந்தவர்.

அவர் எழுவதற்குள் கடைசி வரிசையில் வதனி எழுந்தார்.

நான் கையால் இருக்கச் சொல்லிக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துணை மேயர் பட்டியலைப் பார்த்து, உங்கள் பெயர் இல்லையே மதாம் என்றார். அப்போது நாய்க்கார மதாம் திரும்பி வதனியைப் பார்த்தார். கழுத்தில் இன்னும் மறையாத சிவப்புக் கோட்டையும் பார்த்திருப்பார் போல. என் இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கிறேன் என்றார்.

வதனியின் பிரெஞ்சு வாளியும் துடைப்பமும் கற்றுக்கொடுத்தது. வினைச்சொல் எல்லாம் அதில் கிடையாது. அவர் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: பாலம் கீழே. விளக்கு நாலு, நாலும் முடிந்தது. காலை ஐந்து மணி. ஒரு ஆள், பின்னால். சங்கிலி போயிற்று, நான் நிலம். நாளைக்கும் வேலை. பயம்.

அவ்வளவுதான். இருபது விநாடி இருக்கும். தக்காளி இன்னும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

துணை மேயர் எழுதுவதை நிறுத்தினார். அந்த விளக்குப் பழுது வரிசையில் இருக்கிறது, வசந்தகாலத்தில் பார்க்கலாம் என்று இருந்தோம் என்றார். அங்கே ஒரு குற்றமும் பதிவாகவில்லை, பதிவானால் அது பாதுகாப்பு விஷயம், உடனே செய்வோம். முறைப்பாடு கொடுத்தீர்களா?

அல்போன்ஸ் மொழிபெயர்த்தார். வதனி பொலிஸ் அதிகாரியைப் பார்த்தார். நாங்கள் பதினொரு பேரும் வதனியைப் பார்த்தோம். சொல்லாதை, சொல்லாதை என்று என் வாய் சத்தமில்லாமல் அசைந்தது.

“விசா இல்லை,” என்றார் வதனி. அதைப் பிரெஞ்சில் தானே சொன்னார். அந்த ஒரு வசனம் மட்டும் இலக்கணப் பிழையில்லாமல் வந்தது. பலதரம் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

அதிகாரி வயதானவர், தூங்குமூஞ்சி. மெல்ல எழுந்து, வியாழக்கிழமை பத்து மணிக்கு நிலையத்துக்கு வாருங்கள், அடிபட்டவரிடம் நாங்கள் அட்டை கேட்பதில்லை என்றார். அரச மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிப் போட்டால் நாள் எடுக்கும், உங்கள் ஆட்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கே முடிக்கலாம் என்றும் சொன்னார். எங்கள் பதினொரு பேரையும் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

வியாழக்கிழமை பத்து மணி

கூட்டம் முடிந்து வெளியே மழைத்தூறலில் நின்றோம். ரோல்ஸ் தட்டுகள் வெறுமையாகியிருந்தன. ஆர் வருவியள் என்று வதனி கேட்டார்.

பொன்னுத்துரை அண்ணைக்கு வியாழன் மரக்கறி இறக்குகிற நாள். ஒருவருக்குப் பல் வைத்தியர். ஒருவருக்குப் பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் உறவினரின் புது வீட்டுக்கு அத்திவாரக் கல்லு வைப்பு. அல்போன்ஸ் உள்ளதைச் சொன்னார்: பொலிஸில் போய் மொழிபெயர்த்தால் கையெழுத்து வைக்க வேண்டும், நாளைக்கு என் கடைக்கும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்வார்கள். அன்றைக்கு எங்கள் ஒன்றியம் அந்தப் பழமொழிக்கு நிறைவேற்றுக்குழுவாக இருந்தது.

எனக்கும் ஒரு சாட்டு இருந்தது. ருவாசி விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. வியாழன் வேலைநாள் தங்கச்சி என்றேன். ஏதும் மொழிப் பிரச்சினை வந்தால் எனக்கு அடிக்கச் சொல்லுங்கோ என்று நம்பரை எழுதிக்கொடுத்தேன். அழகான கையெழுத்தில்.

வதனி தலையாட்டிவிட்டுக் கடதாசியை மடித்து வைத்தார்.

திறப்பு விழா

மூன்று கிழமைக்குள் விளக்கு வந்தது. நாலல்ல, ஆறு. வெள்ளை வெளிச்சம். சுவரில் கசிகிற தண்ணீர்கூடத் தெரிந்தது.

ஒன்றியம் அவசரக் கூட்டம் கூடித் திறப்பு விழா வைக்கத் தீர்மானித்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெயில் இருக்கும்போதே. நாடா கட்டினோம். தெருவிளக்குக்குக் கீழே குத்துவிளக்கு வைத்தோம். ரயில் போகும் காற்றில் திரி நிற்கவேயில்லை. ஏழாம் தரம் பொன்னுத்துரை அண்ணை கோட்டைக் கழற்றிச் சுற்றிப் பிடிக்க, துணை மேயர் அம்மா சிகரெட் லைற்றரால் ஏற்றினார். பகல் என்பதால் திறந்துவைத்த ஆறு விளக்கும் எரியவில்லை. எட்டுப் பக்கப் பேச்சு அன்றைக்கு முழுமையாக வாசிக்கப்பட்டது.

துணை மேயருக்குப் பொன்னாடை. அதிகாரிக்குப் பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் பொன்னாடை, செயலாளருக்குத் தலைவர் பொன்னாடை. வட்டாரச் செய்தித்தாளில் படம் வந்தது. அயலவர் முயற்சியால் விளக்குகள் புதுப்பிக்கப்பட்டன என்று ஒரு வரி. இலங்கை நண்பர்கள் கொண்டுவந்த சுவையான பலகாரங்களைப் பற்றி மூன்று வரி.

வதனி வரவில்லை. அவருக்கென்று வாங்கிய பொன்னாடை மிஞ்சிக் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு செயலாளர் தலையில் விழுந்தது.

உடுப்புத் தோய்க்கும் கடையில்

அடுத்த நாள் ஞாயிறு. தெரு முனையில் உடுப்புத் தோய்க்கிற கடையில் வதனியைக் கண்டேன். இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சவர்க்கார மணமும் சூடும். காய்ந்த தலையணை உறைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் நிலையத்தில் எல்லாம் சுகமாக முடிந்ததா என்று கேட்டேன். அதுவரைக்கும் நான் கேட்கவில்லை.

வாசலில் வெகுநேரம் நின்றாராம். உள்ளே போகக் கால் எழவில்லையாம். அப்போது நாயோடு அந்த மதாம் வந்திருக்கிறார். கூட்டத்தில் நாளையும் நேரத்தையும் கேட்டு வைத்திருந்திருக்கிறார். வதனிக்கு அவருடைய பிரெஞ்சு விளங்கவில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

“நான் கையாலை காட்டக் காட்ட அவ பொலிசுக்குச் சொன்னவ. எப்பிடி விழுந்தனான் எண்டு கேட்க எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அந்த மனிசி தன்ரை கோட்டோடை நிலத்திலை முழங்கால் குத்திக் காட்டினவ.”

இதைச் சொல்லும்போது வதனி சிரித்தார். பிறகு இன்னொரு உறையை எடுத்தார்.

“இடையிலை ஒருக்கால், அவன் போட்டிருந்த உடுப்பு, கதைச்ச பாஷை எல்லாம் கேட்டவங்கள். எங்கள் ரண்டுபேருக்கும் ஏலாமல் போச்சு. உங்கட நம்பரைத்தான் குடுத்தனான் அண்ணை. மூண்டு தரம் அடிச்சவங்கள். நீங்கள் வேலையிலை நிண்டிருப்பியள்.”

குரலில் ஒரு குறையும் இல்லை. எனக்காக அவரே ஒரு சாட்டுத் தேடி வைத்திருந்தார்.

“ஓம்,” என்று தலையாட்டினேன்.

பொன்னாடையை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, கரையைத் தடவி, நாலாக மடித்து, திரும்ப என் கையிலேயே வைத்தார். உங்களுக்குத்தான் அண்ணை கூட்டங்கள் வரும் என்றார்.

வதனிக்கு இப்போது விசா இருக்கிறது. வேலை மாறி, வேறு ஊருக்குப் போய்விட்டார். இந்த இதழை வாங்குகிறவர் என்று என் மனைவி சொல்கிறாள். ஆகவே இதை அவர் வாசிப்பார்.

அந்த வியாழக்கிழமை நான் வேலையில் நிற்கவில்லை. அன்றைக்கு எனக்கு லீவு. கட்டிலில் படுத்திருந்தேன். நம்பர் காட்டாத அழைப்பு வந்தது, பத்து மணி தாண்டியிருந்தது. யார் அடிக்கிறார்கள் என்று முதல் மணியிலேயே விளங்கிவிட்டது. பத்து வருட விசா அட்டை காற்சட்டைப் பையில் இருந்தது. எனக்கு ஒரு பயத்துக்கும் காரணம் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அதிர்ந்து அதிர்ந்து அடங்கும்வரை மூன்று தரமும் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அன்றைக்கு நான் சொன்ன அந்த ‘ஓம்’ பொய், தங்கச்சி.